எண்ணுப்பெயர்களும் எண்களை ஒப்பிடலும்: தொடக்கநிலை மாணவர் நோக்கில்

முன்னுரை

இரு முழு எண்களுள் பெரியது எது எனக் காண்பதும், பல எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அமைப்பதும் தொடக்க வகுப்புக் கணிதத்தின் அடிப்படைத் திறன்கள். இவை இடமதிப்பைச் சார்ந்தவை எனப் பொதுவாக விளக்கப்படும். ஆயின் குழந்தை எண்ணை எழுதுவதற்கு முன்பே சொல்லக் கற்கிறது. எனவே எண்ணுப்பெயரின் அமைப்பும் ஒப்பிடலில் பங்கு பெறுகிறது.

தமிழ் எண்ணுப்பெயர் தரும் துணை

‘நாற்பத்தேழு’, ‘ஐம்பத்திரண்டு’ ஆகியவற்றில் பத்துகள் முன்னும் ஒன்றுகள் பின்னும் வருகின்றன. 47, 52 என எழுதும் வரிசையும் அதுவே. ஜெர்மன் மொழியிலோ ஒன்றுகளே முதலில் ஒலிக்கும். ஏழு இரண்டைவிடப் பெரிது என்பதால் 47ஐப் பெரிய எண்ணாகக் கொள்ளும் குழந்தையை, இரு பெயர்களையும் உரக்கச் சொல்லச் செய்தாலே முதற்பகுதியை நோக்கித் திருப்பலாம்.

துணை செய்யாத இடமும் உண்டு. ‘முந்நூற்றைந்து’ என்னும் சொல்லில் சுழியத்திற்கு ஒலியில்லை. கேட்டவாறே 300ஐ எழுதி அதனருகே 5ஐச் சேர்க்கும் குழந்தை 3005 என எழுதிவிடுகிறது. பின் அதனை 350ஐவிடப் பெரிது என்கிறது. எழுதிய எண்ணைக் கொண்டு நோக்கின் அவ்விடை சரியே. பிழை ஒப்பிடலில் இல்லை, எழுதியதில் உள்ளது. இரண்டையும் பிரித்தறியாமல் மதிப்பெண் குறைப்பது குழந்தைக்கு நீதியாகாது.

தொண்ணூறும் தொள்ளாயிரமும்

இருபது முதல் எண்பது வரை ‘பது’ என்னும் ஈறு தொடர்கிறது. அடுத்து வருவது தொண்ணூறு. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்னும் வரிசையில் வைத்துப் பார்ப்பின், செவிக்கு அது எண்ணூற்றின் அடுத்த எண்ணாகவே படும். தொள்ளாயிரமும் இவ்வாறே ஆயிரங்களின் வரிசையைச் சேர்ந்ததுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அவ்விடத்துக்குரியது ஒன்பதாயிரம். ஒன்பது பத்தோடும் நூறோடும் புணரும்போது இவ்வடிவங்கள் தோன்றுவதைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விளக்குகிறது. நன்னூலும் விதி கூறுகிறது. மலையாளத்திலும் இவ்வடிவங்களே வழங்குகின்றன. கன்னடமோ தொண்ணூற்றைத் ‘தொம்பத்து’ எனப் பத்தின் சாயலோடு சொல்கிறது.

புணர்ச்சி விதி ஆறு வயதுக் குழந்தைக்கு உதவாது. பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது குச்சிக் கட்டுகளை ‘ஒன்பது பத்து, தொண்ணூறு’ என இணைத்துச் சொல்லவைப்பதே தக்கது. பின்னர் எண்கோட்டில் 80க்கும் 100க்கும் நடுவில் அதனைக் குறிக்கச் செய்யலாம். 90, 100, 800, 900 ஆகிய நான்கையும் சொல் அட்டைகளாகத் தந்து வரிசைப்படுத்தச் சொன்னால், குழப்பம் எங்கே உள்ளது என்பது ஆசிரியருக்குப் புலப்படும். அதே எண்களை எண்ணுருவில் சரியாக அடுக்கும் குழந்தை சொல் அட்டைகளில் தடுமாறினால், மீளக் கற்பிக்க வேண்டியது சொல்லையே, இடமதிப்பை அன்று.

பழைய எண்குறிகள்

‘இலக்கங்கள் மிகுந்த எண்ணே பெரியது’ என்னும் வகுப்பறை விதியும் எழுத்துமுறையைச் சார்ந்ததே. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்குத் தனிக்குறி கொண்ட பழந்தமிழ் முறையில் 99 என்பது ௯௰௯ என மூன்று குறிகளாலும், 100 என்பது ௱ என ஒரே குறியாலும் எழுதப்பட்டன. 999க்கு ௯௱௯௰௯ என ஐந்து குறிகள். ஆயிரத்திற்கு ௲ மட்டுமே. அம்முறையில் குறிகளின் எண்ணிக்கையால் பெருமை சிறுமை அறிய இயலாது. இடமதிப்பு முறையில் மட்டுமே, அதிலும் முன்னால் சுழியமின்றி எழுதிய முழு எண்களுக்கே, அவ்விதி பொருந்தும். தசம எண்கள் வரும் வகுப்பில் 0.45ஐ 0.5ஐவிடப் பெரிதெனக் கொள்ளும் பிழைக்கு, வரம்பு சொல்லாமல் கற்பித்த இவ்விதியும் ஒரு காரணமாகலாம்.