ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தை

குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. பிழைக்குமா? வசதியான பச்சிளங்குழந்தைப் பிரிவில், ஒரு கிலோவைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால் எடையை மட்டும் கேட்காதீர்கள், எத்தனை வாரத்தில் பிறந்தது என்றும் கேளுங்கள். நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அதைப் பொறுத்தது.

வாயில் எதற்குக் குழாய்? உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடும் பழக்கம் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். அதுவரை பீய்ச்சிய தாய்ப்பால் குழாய் வழியே போகும். முதலில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் கொடுப்பார்கள், பதற வேண்டாம். முதல் வாரம் எடை சற்று இறங்குவதும் வழக்கம்தான். பால் சுரக்கவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பவுடர் பாலில் குடல் அழுகல் நோய் வரும் அபாயம் கூடுதல்.

தொட்டால் கிருமி தொற்றாதா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் தொடலாம். தொடத்தான் வேண்டும். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, குழந்தையை வெற்று மார்போடு மார்பாகச் செங்குத்தாக அணைத்துத் துணியால் கட்டிக்கொள்வது கங்காரு பராமரிப்பு (தோலோடு தோல் அணைப்பு). 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கியது இது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்ததும் இப்படி அணைக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு கால்வாசி குறைந்தது. தினமும் 8 மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவும் கட்டிக்கொள்ளலாம், பெரியவர்கள் முகம் சுளித்தாலும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்ததா? இல்லை. குடும்பங்கள் கோட்டைவிடுவது கண் பரிசோதனையை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் (கண்ணின் உட்புறப் படலம்) ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ 1200 கிராமுக்குக் குறைந்திருந்தாலோ 2-3 வாரத்திலேயே. தீட்டுக் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உரிய நேரத்தில் லேசரோ ஊசியோ செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். ஒருமுறை "சரியாக இருக்கிறது" என்றாலும், போதும் என்று டாக்டர் சொல்லும்வரை போய்க் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை கவிழ்ந்துவிட்டதே, நம்முடையது இன்னும் இல்லையே? முன்னதாகப் பிறந்த காலத்தை வயதிலிருந்து கழித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தது ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும். தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிதான் கணக்கு.