குழந்தையின் வாயில் ரப்பர் நிப்பிள்! மறக்கடிப்பது எப்படி?

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது பழமொழி.

ஆனால் தொட்டிலில் வந்து, தொட்டிலோடு போய்விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அதுதான் ரப்பர் நிப்பிள் சப்புவது!

இது பால் புட்டியில் மாட்டும் நிப்பிள் அல்ல. சும்மா சப்புவதற்கென்றே கடையில் விற்பது. அதில் பாலும் வராது, தண்ணீரும் வராது. ஆனாலும் வாயில் வைத்த மறு நிமிடம் குழந்தையின் அழுகை நின்றுவிடும்.

வீட்டுக்குள் வருவது எப்படி?

வடலூருக்குப் பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக நடக்கின்றன. வேலை ஷிப்டு ஷிப்டாக நடக்கிறது.

இரவு ஷிப்டு முடித்து வந்த தகப்பனார் பகலில் தூங்குகிறார். கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. "அவர் தூங்கட்டும், பாவம்!" என்று தாய் நினைக்கிறாள். நிப்பிளை எடுத்துக் குழந்தையின் வாயில் வைக்கிறாள். வீடு அமைதியாகிறது.

இதில் தாயின் குற்றம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

ஆனால் நாள் போகப் போக, நிப்பிள் இல்லாமல் குழந்தை தூங்காது. கீழே விழுந்தால் அழும். காணாமல் போனால் வீட்டையே இரண்டாக்கும். நடக்கிற வயதிலும், பேசுகிற வயதிலும் அது வாயிலேயே இருக்கும்.

நேற்று வந்தது அல்ல

இந்தப் பழக்கம் மிகப் பழையது. ஐரோப்பாவில் முன்பு துணியில் சர்க்கரையை முடிந்து குழந்தையின் வாயில் வைப்பார்கள். ஜெர்மன் ஓவியர் டூரர் 1506-ல் வரைந்த மாதா படத்தில், குழந்தையின் கையில் அப்படி ஒரு துணி முடிச்சைக் காணலாம். ரப்பர் வந்த பிறகு துணி போயிற்று. அமெரிக்காவில் 1900-ம் ஆண்டு ரப்பர் நிப்பிளுக்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

நல்லதா, கெட்டதா?

சப்புவது குழந்தைக்குப் பிறவிக் குணம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே விரல் சூப்பும் குழந்தைகள் உண்டு. சப்பினால் அதற்கு மனம் அடங்குகிறது.

முதல் சில மாதங்களில் நிப்பிளால் நன்மையும் உண்டு. தூங்கும்போது நிப்பிள் வைத்துக்கொள்ளும் குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவது குறைவு என்று டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, பால் குடிப்பது நன்றாகப் பழகிய பிறகே நிப்பிள் கொடுக்கலாம்.

பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியின் கொடுமையை அறிந்த ஊர் அது.

கைக்குழந்தைக்குப் பசி வந்தால் சொல்லத் தெரியாது. அழத்தான் தெரியும். அழுகிற வாயை ரப்பரால் அடைத்தால் பசி தாய்க்குத் தெரியாமல் போய்விடும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்க்குப் பால் சுரக்கும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும்.

எனவே அழுதவுடன் நிப்பிளைத் தேடாதீர்கள். பசியா? துணி நனைந்திருக்கிறதா? வயிறு உப்பியிருக்கிறதா? உடம்பு சுடுகிறதா? முதலில் இவற்றைப் பாருங்கள்.

பல்லும் காதும்

ஆறு மாதத்துக்குப் பிறகு நிப்பிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லது. விடாமல் சப்பும் குழந்தைகளுக்குக் காதுக்குள் சீழ் பிடிப்பது அதிகம்.

பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய இரண்டரை வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். அதற்குப் பிறகும் நிப்பிள் வாயில் இருந்தால், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்பக்கத்தில் ஒன்றோடொன்று சேராது. நடுவே இடைவெளி விழும். மேல் தாடை குறுகும்.

பயப்பட வேண்டாம்! மூன்று வயதுக்குள் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆறு வயதில் நிரந்தரப் பல் முளைக்கும் வரை விட்டால்தான் தொல்லை.

எப்படி நிறுத்துவது?

தாய்ப்பால் மறக்கடிக்க நம் பாட்டிமார் வேப்பெண்ணெய் தடவுவார்கள். நிப்பிளுக்கும் அதையே செய்கிறவர்கள் உண்டு. சிலர் மிளகாய்ப் பொடிகூட வைக்கிறார்கள். அது கூடாது! வாய் வெந்துபோகும். கண்ணில் பட்டால் இன்னும் ஆபத்து. அடிப்பதும், "வெட்கமாக இல்லையா?" என்று பலர் முன்னால் கேலி செய்வதும் கூடாது. பயந்த குழந்தை இன்னும் அதிகமாகச் சப்பும்.

இதோ நல்ல வழி:

1. முதலில் பகலில் நிறுத்துங்கள். விளையாடும்போதும் வெளியே போகும்போதும் நிப்பிள் கண்ணில் படக்கூடாது. தூங்கும்போது மட்டும் கொடுங்கள்.

2. கையும் வாயும் சும்மா இருந்தால் குழந்தை நிப்பிளைத் தேடும். கிலுகிலுப்பை கொடுங்கள். பாட்டுப் பாடுங்கள். பேச்சுக் கொடுங்கள்.

3. பகலில் மறந்த பிறகு இரவைப் பாருங்கள். தட்டிக் கொடுங்கள். கதை சொல்லுங்கள். அம்மாவின் பழைய சேலைத் துண்டு பக்கத்தில் இருந்தால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே ஆறுதல்.

4. காய்ச்சல் வந்த நேரத்திலும், வீடு மாறும்போதும், தம்பி தங்கை பிறந்த சமயத்திலும் தொடங்க வேண்டாம்.

5. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். அம்மா "இல்லை" என்றதும் ஆத்தா ஒளித்துக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

சில இரவுகள் அழுகை இருக்கும். அந்த நாட்களில் தகப்பனாரும் கை கொடுக்க வேண்டும். ஷிப்டு இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்கினால் இன்னும் நல்லது.

நிப்பிளை விட்ட பிள்ளை விரல் சூப்பத் தொடங்கலாம். அதட்டாமல் கையில் ஏதாவது வேலை கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வளர வளரத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்!

தேனிலோ சர்க்கரையிலோ தொட்டு நிப்பிளைக் கொடுக்காதீர்கள். பல் சொத்தையாகும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான நோய் வரலாம்.

கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டாதீர்கள். கயிறு கழுத்தை இறுக்கிவிடும்.

நுனியை வெட்டிக் கொடுக்காதீர்கள். துண்டு பிய்ந்து தொண்டையில் சிக்கும். கிழிந்த நிப்பிளை உடனே எறிந்துவிடுங்கள்.

கீழே விழுந்ததை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்காதீர்கள். உங்கள் பல்லில் உள்ள கிருமி பிள்ளைக்குப் போகும்.

மரத்தில் காய்க்கும் நிப்பிள்!

டென்மார்க் நாட்டில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. நிப்பிளை விடும் வயது வந்ததும் பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒரு மரம். பிள்ளையே தன் கையால் நிப்பிளை அதில் கட்டித் தொங்கவிடுகிறது. "நான் பெரியவன் ஆகிவிட்டேன்" என்று பெருமையோடு வீடு திரும்புகிறது.

நமக்கும் இது முடியாதா? வடலூர் தைப்பூசக் கடைத்தெருவில் இல்லாத விளையாட்டுச் சாமானா? "நிப்பிளை அம்மாவிடம் கொடுத்துவிடு. நீயே பார்த்து ஒரு மேளம் வாங்கிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். பிடுங்கினால் பிள்ளை அழும். தானே கொடுத்தால் சிரிக்கும்.

மேளச் சத்தத்தில் பகல் தூக்கம் கெடுகிறது என்று தகப்பனார் முணுமுணுக்கலாம். அதைச் சமாளிப்பது தாய்மார்களுக்குப் பெரிய காரியமா, என்ன?