முப்பது நிமிஷக் கணக்கு

மாலைப் பொழுதில் குளித்து, சலவை உடுப்பு அணிந்து, கம்பெனி வண்டிக்காகத் தெருமுனையில் காத்து நிற்கும் இளைஞர்களைச் செகந்திராபாத்தில் நம்மவர் குடியிருக்கும் பகுதிகளில் இப்பொழுது நாள்தோறும் காண்கிறோம். "பிள்ளைக்கு என்ன வேலை?" என்று பெற்றோரைக் கேட்டால், "அமெரிக்கா டாக்டருக்கெல்லாம் ராத்திரி பில் போடறான்" என்று பதில் வரும். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. அண்மைக் காலம்வரை நமக்கும் தெரியாது. அந்த வேலையில் மனச்சாட்சிக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவர் வாயிலாக அறிந்தோம். அதை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்நாட்டு ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். 1965ஆம் ஆண்டில் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தால் மெடிகேர் என்னும் சர்க்கார் மருத்துவக் காப்பீடு பிறந்தது. 65 வயது நிரம்பிய முதியோரே அதன் பயனைப் பெரும்பாலும் அடைகிறவர்கள். நோயாளியை டாக்டர் பார்த்தால் பணம் உண்டு என்பதே நெடுநாளைய வழக்கம். ஆனால், நாட்பட்ட நோய்க்கு இந்த வழக்கம் பொருந்துமா? இருதயம் பலவீனப்பட்ட முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் டாக்டரின் எதிரே அமர்ந்திருப்பது சிறிது நேரந்தான். மற்ற நாட்களெல்லாம் நோய் அவருடனேயே குடியிருக்கிறது. ஒரே நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று ஐயுற வேண்டும். அன்றே நர்ஸ் தொலைபேசியில் விசாரித்து, டாக்டரைக் கேட்டு, நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்றினால் ஆஸ்பத்திரிப் படுக்கை தப்பக்கூடும். இவ்வளவு பயனுள்ள உழைப்புக்குத் தனியே ஊதியம் இல்லாதிருந்தது.

அக்குறை படிப்படியாக நீங்கியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய் உடையவர்களை மாதந்தோறும் கவனிப்பதற்கு 2015இல் மெடிகேர் பணம் தரத் தொடங்கியது. நோய் ஒன்றே, ஆயினும் கொடியது என்னும் நிலையில் உள்ளவர்களுக்கு 2020இல் வழி பிறந்தது. 2022 முதல் அதற்கு நான்கு குறியீட்டு எண்கள் வழங்குகின்றன. ஒரு மாதத்தில் டாக்டர் தாமே 30 நிமிஷம் உழைத்தால் 99424; அதற்கு மேல் ஒவ்வொரு 30 நிமிஷத்துக்கும் 99425. அவர் மேற்பார்வையில் நர்ஸ் முதலிய ஊழியர்கள் உழைத்தால் முறையே 99426, 99427.

பணம் உண்டு என்றால் நிபந்தனையும் உண்டு அல்லவா? அந்த நோய் குறைந்தது மூன்று மாதமாவது நீடிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்கோ மரணத்துக்கோ இட்டுச் செல்லும் அபாயம் உடையதாகவும் இருத்தல் வேண்டும். அந்த நோய்க்கென்று பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயாளியின் சம்மதம் பதிவாகியிருக்க வேண்டும்; ஏனெனில், ஆண்டுதோறும் அவர் ஏற்க வேண்டிய முதல் தொகை போக, கட்டணத்தில் 20 சதவீதம் அவருடையது. ஒரே நிமிஷத்தை இரண்டு வேலைகளில் காட்டுதல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதக் கடைசியில் 29 நிமிஷமே சேர்ந்திருந்தால் அந்த எண்ணைப் போட இடமில்லை.

நம் பிள்ளைகள் நோயாளியோடு பேசுவதில்லை. அந்த உழைப்பு அமெரிக்காவிலேயே நடைபெற வேண்டும். அங்கே எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்து, நிபந்தனைகள் நிறைவேறினவா என்று சரிபார்த்து, உரிய எண்ணை இடுவதே இவர்கள் பணி. தினமும் இத்தனை பதிவுகள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

ஒரு மாதக் கடைசியில் நம் தம்பியின் முன் வந்த பதிவில் நர்ஸின் உழைப்பு 27 நிமிஷம் என்று கூட்டல் இருந்தது. நோயாளி யார், எந்த ஊர் என்பதை அவர் நம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நோயாளியின் இரகசியத்தைக் காக்க அந்நாட்டில் 1996இல் இயற்றிய சட்டம் இவர்களையும் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து நாற்காலிக்காரர், "மூணு நிமிஷந்தானே, சேர்த்துப் போட்டுவிடு, யாருக்கு நஷ்டம்?" என்றாராம். தம்பி சேர்க்கவில்லை. 'நேரம் போதவில்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் நம்மிடம் வந்து, "அண்ணா, நான் செய்தது சரிதானா?" என்று கேட்டார். மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று அவர் தாயாருக்குக் கவலை.

யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு விடை எளிது. முதல் நஷ்டம் அந்த முதியவருக்கு; நடவாத உழைப்புக்கு அவரும் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க நேரும். இரண்டாவது, பொதுப் பணத்துக்கு. மூன்றாவது நஷ்டம் இவற்றினும் பெரிது. அவர் போதிய அளவு கவனிக்கப்பட்டார் என்று பொய்ச் சாட்சி எழுதி வைத்ததாக ஆகும். பின்னர் ஏட்டைப் புரட்டும் டாக்டர் அதை நம்புவார்.

சட்டமும் சும்மா இராது. உள்நாட்டுப் போரின்போது, 1863இல், லிங்கன் காலத்தில், பட்டாளத்துக்குப் பழுதான பொருள்களை விற்ற ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க ஒரு சட்டம் வந்தது. அதே சட்டம் இன்று மெடிகேர் கணக்குக்கும் பாய்கிறது. தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுத்தவர் நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கு கட்ட வேண்டும். ஒவ்வொரு பொய்ப் பில்லுக்கும் தனி அபராதமும் உண்டு.

ரெயில்வே குமாஸ்தாவான நமக்கு இது புதிய பாடம் அன்று. ஸ்டேஷனில் வண்டி வந்துபோன நேரத்தை எழுதும் புத்தகத்தில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரு கோடு கிழித்து, சரியானதை மேலே எழுதிக் கையொப்பமிட வேண்டும். விபத்து நேர்ந்தால் விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். வண்டிக்கு அந்த நிமிஷம் எப்படியோ, நோயாளிக்கும் அப்படியே.

ஆனால், 27 நிமிஷம் உண்மையாக உழைத்த அந்த நர்ஸின் கதி என்ன? அவ்வுழைப்பு ஊதியமின்றிப் போயிற்றே! இது நியாயமான கேள்வி. 2025 முதல் குடும்ப டாக்டர் போன்றோருக்கு நிமிஷத்தை எண்ணாமல் மாதம் இவ்வளவு என்று தரும் ஏற்பாடும் வந்திருப்பது இதற்கு ஒருவகைப் பரிகாரம். கணக்கு முறை கோணலானால் அதை மாற்றுவதே வழி. கணக்கைக் கோணலாக எழுதுவது வழி அன்று.

தம்பிக்கு நாம் சொன்ன பதிலும் இதுவே. மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வாரம் கழித்து அவர் தாயார் வந்து சொன்னார். பகலில் உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே சிலர் உண்டு. இரவில் அவன் யாரோ ஒரு முதியவரின் நோய்க்குக் கணக்குப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பதை அவர்கள் அறிய வேண்டும். அந்த முதியவர் இவனை ஒருநாளும் காணப்போவதில்லை. ஆயினும், காணாத இடத்திலும் மூன்று நிமிஷத்தைக் கூட்டாத கை நம் வீட்டுப் பிள்ளையின் கை என்று பெருமைப்படலாம்.