பெயர் வாணிகமும் புதுத் தொழினுட்பமும்

ஒரு பொருளைப் பிற பொருள்களினின்றும் வேறு பிரித்து அறிதற்கு வாயிலாக அமைவது பெயர். தமிழிலக்கண நூலார் பெயரை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரு கூறாக வகுத்தனர். காரணம் கருதாது இட்டு வழங்குவது இடுகுறி. பொருளின் இயல்பு முதலியன பற்றி வருவது காரணப் பெயர். இவ்விரு வகையும் மொழி பேசுவோர் அனைவர்க்கும் பொதுவானவை. ‘மரம்’ என்றோ ‘பறவை’ என்றோ சொல்லுதற்கு எவரும் எவர்க்கும் வரி செலுத்துவதில்லை. ஆயின், இணையம் என்னும் கணினி வலையமைப்பில் ஒரு பெயர் ஒரு காலத்தில் ஒருவர்க்கே உரியதாகின்றது. அதனால் ஆங்குப் பெயரே வாங்கவும் விற்கவும் தக்க பண்டமாயிற்று. நாளை எத்தொழினுட்பம் தலையெடுக்கும் என இன்றே கணித்து, அதற்குரிய சொற்களைத் தமதாகப் பதிந்து வைத்துப் பின் மிகுவிலைக்கு விற்க முயலும் ஊக வாணிகமும் உடன் எழுந்தது. இவ்வாணிகம் எவ்வாறு நடைபெறுகின்றது, இதனால் உறுதியான ஊதியம் பெறுவோர் யாவர் என்பன ஆராயத்தக்கன.

முதற்கண் இப்பெயர்களின் அமைப்பை அறிதல் வேண்டும். வலையமைப்பிற் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலாய முகவரி ஒன்றுண்டு. எண்களை நினைவில் வைத்தல் மாந்தர்க்கு அரிது. ஆகலின் எண்ணுக்கு ஈடாகப் பெயரை வழங்கும் முறை ஏற்பட்டது. தொடக்கத்திற் பெயர்களும் அவற்றுக்குரிய எண்களும் ஒரே பட்டியலாக எழுதப்பட்டு, அமெரிக்காவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்திற் பேணப்பட்டன. கணினிகள் பெருகவே அம்முறை தளர்ந்தது. 1983 ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்பார், பெயர்களைப் படிமுறையாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு பொறுப்பாளரிடம் விடும் ஒழுங்கை வகுத்தார். இன்று ஆள்களப் பெயர் எனவும், பேச்சு வழக்கில் டொமைன் எனவும் வழங்குவது இதுவே.

அஞ்சலுறையில் எழுதும் முகவரி இதற்குத் தக்க உவமையாகும். உறையின் முதல் வரியில் ஆளின் பெயரும், அடுத்து ஊரும், இறுதியில் நாடும் எழுதப்படுகின்றன. அஞ்சலைப் பிரிப்போரோ இறுதி வரியிலிருந்து மேனோக்கிப் படிக்கின்றனர். அவ்வாறே ஆள்களப் பெயரும் இறுதியிலிருந்தே பொருள் கொள்ளப்படும். அவ்விறுதிகளுள் ‘கொம்’, ‘ஓர்க்’ முதலியன பொதுவானவை. ஏனையவற்றுட் பல நாடுகளுக்கும் ஆட்புலங்களுக்கும் உரிய ஈரெழுத்துக் குறிகள், இலங்கைக்குரியது ‘எல்.கே.’ என்பது. தமிழெழுத்திலேயே ‘இலங்கை’ என முடியும் பெயர்களும் 2010 ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுள்ளன. ஈரெழுத்துக் குறிகள் அனைத்துலக நியமப் பட்டியல் ஒன்றினின்றும் எடுக்கப்பட்டவை. எந்நாட்டுக்கு எவ்வெழுத்து வாய்க்கின்றது என்பதில் வாணிகச் சிறப்பு எதுவும் அன்று கருதப்படவில்லை. கருதப்படாத அதுவே பின்னர்ச் சில தீவுகளுக்குப் பெருஞ் செல்வமாயிற்று.

பெயரைப் பெறும் விதி மிக எளியது. முதலில் வந்து கேட்பவர்க்கே பெயர் உரியது. ‘கொம்’ என முடியும் பெயர்களுள் முதலாவது 1985 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் ‘சிம்பொலிக்ஸ்’ என்னும் கணினி நிறுவனத்தாற் பதியப்பட்டது. அதன் பின் பத்தாண்டு காலம் பதிவுக்குக் கட்டணமே இருக்கவில்லை. 1995 ஆம் ஆண்டிலேதான் ஈராண்டுக்கு 100 டொலர் என்னும் கட்டணம் விதிக்கப்பட்டது. 1998 இல் ஐகான் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் தோன்றிப் பெயர் ஒழுங்கின் பொறுப்பை ஏற்றது. பதிவு செய்வோரிடையே போட்டி ஏற்படவே கட்டணமும் குறைந்தது. எனினும், பதிவு செய்த பெயர் உறுதி முடித்து வாங்கிய காணி போன்றதன்று. குத்தகை நிலம் போன்றது. தவணைதோறும் கட்டணம் செலுத்தத் தவறின் பெயர் கைவிட்டுப் போகும். ஊக வாணிகத்தின் இலாப நட்டம் முழுவதும் இவ்வொரு விதியிலே தங்கியுள்ளது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆண்டுக்குப் பெயரொன்றுக்கு 10 டொலர் வீதம் ஒருவர் 1,000 பெயர்களை வைத்திருப்பதாகக் கொள்க. ஆண்டுச் செலவு 10,000 டொலர். நூற்றுக்கு ஒன்றாக ஆண்டிற் பத்துப் பெயர்கள் விலைபோகுமாயின், ஒவ்வொன்றும் 1,000 டொலர் தந்தாலன்றி முதலும் தேறாது. விற்காத 990 பெயர்களுக்கும் அடுத்த ஆண்டும் கட்டணம் செலுத்தல் வேண்டும். ஆகவே, புதிய துறை வளரும் எனக் கணிப்பது மட்டும் போதாது. அது எப்பொழுது வளரும், எச்சொல்லால் மக்கள் அதனை வழங்குவர், அச்சொல்லை விலை கொடுத்து வாங்கவல்ல நிறுவனம் எழுமா என்பனவும் ஒருங்கே பொருந்தி வருதல் வேண்டும். ஒன்று தவறினும் கணிப்பு முழுவதும் வீணாம்.

பெருவிலை பெற்ற பெயர்கள் சிலவற்றின் வரலாறு பலரை இவ்வாணிகத்தின்பால் ஈர்த்தது. ‘பிஸ்னஸ்’ என்னும் சொல் ‘கொம்’ இறுதியுடன் 1997 இல் 150,000 டொலருக்கும், 1999 இல் 7.5 மில்லியன் டொலருக்கும் விற்கப்பட்டது. ‘வொய்ஸ்’ என்னும் சொல் 2019 இல் 30 மில்லியன் டொலருக்கு விலைபோயிற்று. அதனை வாங்கியது, மின்பணத் தொழினுட்பத்தில் ஈடுபட்ட புளொக்.வன் என்னும் நிறுவனம். ஆயின் அப்பெயரால் தொடங்கிய சேவை 2023 இல் முடிவுக்கு வந்தது. விற்றவர்க்கு ஊதியமும் வாங்கியவர்க்கு ஏமாற்றமும் ஒரே பெயரால் விளைந்தன.

‘கிரிப்ரோ’ என்னும் பெயரின் வரலாறு இதனினும் சுவையுடையது. மறைகுறியீட்டியல் அறிஞரான மற் பிளேஸ் என்பார் அதனை 1993 இற் பதிந்து தம் ஆய்வுத் துறையின் அடையாளமாக வைத்திருந்தார். அச்சொல்லுக்கு அன்று மறைகுறியீடு என்பதே பொருள். பின்னர் மின்பணம் பரவவே, அச்சொல் மக்கள் வழக்கில் மின்பணத்தைக் குறிக்கலாயிற்று. வாங்க விரும்பியோர் பலர் அணுகியும் அவர் பன்னாள் இசைந்திலர். ஈற்றில் 2018 இல் அப்பெயர் மின்பண நிறுவனம் ஒன்றன் கைக்குச் சென்றது. இங்கே உரியவர் வருங்காலத்தைக் கணித்துப் பெயரைப் பிடித்தாரல்லர். தம் தொழிலுக்காக வைத்திருந்த பெயரை வருங்காலமே தேடி வந்தது.

கணிப்புச் சரியாகவும் வாணிகம் பிழைத்த வரலாறும் உண்டு. கைத்தொலைபேசி வழியாக இணையத்தைப் பார்க்கும் காலம் வரும் எனக் கருதி, ‘மொபி’ என்னும் புதிய இறுதி 2006 ஆம் ஆண்டிற் பொதுப் பதிவுக்கு வந்தது. அவ்வாண்டு நிகழ்ந்த ஏலத்தில் ‘பூக்கள்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அவ்விறுதியுடன் 200,000 டொலருக்கு விற்கப்பட்டது. கணித்தவாறே கைத்தொலைபேசி உலகெங்கும் பரவியது. ஆயின் 2007 இல் வெளிவந்த ஐபோனும் அதனைத் தொடர்ந்த கருவிகளும் சாதாரண இணையப் பக்கங்களையே திரையிற் காட்டவல்லனவாயின. கைத்தொலைபேசிக்கெனத் தனிப் பெயர் வேண்டும் என்ற தேவை அற்றது; அவ்விறுதியின் மதிப்பும் சரிந்தது. மழை வரும் என்று கணித்தவர் பிழைக்கவில்லை. அம்மழை தம் வயலிலேதான் பெய்யும் என்று எண்ணியதே பிழையாயிற்று.

ஊகத்துக்கும் அபகரிப்புக்கும் இடையே எல்லை வகுக்கவேண்டிய தேவையும் சட்டத்துக்கு நேர்ந்தது. தொடக்க காலத்திற் சிலர் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர்களையே முந்திப் பதிந்து, அவற்றை அந்நிறுவனங்களுக்கே விற்க முற்பட்டனர். பனவிசன் என்னும் ஒளிப்படக்கருவி நிறுவனத்தின் பெயரைப் பதிந்து 13,000 டொலர் கேட்ட ஒருவருக்கு எதிராக அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998 இல் தீர்ப்பளித்தது. 1999 இல் அமெரிக்கா தனிச் சட்டம் இயற்றியது. ஐகானும் பிணக்குத் தீர்க்கும் நெறியொன்றை அவ்வாண்டில் ஏற்றது. முறையிடுவோர் மூன்றனை நிறுவுதல் வேண்டும்: பெயர் தம் வணிகக் குறியோடு ஒத்தோ மயங்கத்தக்கதாகவோ இருத்தல், பதிந்தவர்க்கு அதில் நியாயமான உரிமையின்மை, தீய நோக்கோடு பதிந்து பயன்படுத்தியமை. பொதுச்சொல்லைப் பொதுப்பொருளிற் பதிந்து வைத்தல் இதனாற் குற்றமாகாது. பிறருடைய உழைப்பால் மதிப்புப் பெற்ற பெயரைக் கவர்தலே குற்றமாகும்.

இனி, இவ்வாணிகத்தில் நிலையான ஊதியம் பெறுவோர் யாவர் என்பதை நோக்கலாம். கரிபியன் கடலிலுள்ள அங்குயிலா, ஏறக்குறைய 16,000 மக்கள் வாழும் பிரித்தானிய ஆட்புலம். அதற்கு வாய்த்த ஈரெழுத்து ‘ஏ.ஐ.’ என்பது. செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளும் அவையே. ஆகுபெயருக்கேனும் பொருளிடைத் தொடர்பு வேண்டும், ஈண்டு அதுவுமில்லை. வெறுஞ் சிலேடையே ஒரு தீவின் திறைசேரியை நிரப்பியது. 2022 நவம்பர் 30 ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அவ்விறுதியை நாடினோர் தொகை பெருகியது. 2022 இல் 144,000 ஆக இருந்த பதிவுகள் 2023 இல் 354,000 ஆயின. 2023 இல் இதனால் வந்த வருவாய் ஏறக்குறைய 32 மில்லியன் அமெரிக்க டொலர்; அரசிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது. 2017 செப்ரெம்பரில் ‘ஏர்மா’ என்னும் சூறாவளியாற் பெரிதும் அழிவுற்ற அத்தீவு, உல்லாசப் பயணத் தொழிலையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்தது. பெயரால் வரும் வருவாயையோ புயல் தீண்டுவதில்லை.

பசிபிக் கடலிலுள்ள துவாலு நாட்டுக்கும் இத்தகைய பேறு முன்னரே வாய்த்தது. அதற்குரிய குறியான ‘ரி.வி.’ தொலைக்காட்சியை நினைவூட்டுவது. அவ்விறுதியைப் பயன்படுத்தும் உரிமையைப் பன்னிரண்டு ஆண்டுகளில் 50 மில்லியன் டொலர் தரும் உடன்படிக்கையால் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கிய துவாலு, அப்பணத்தின் உதவியோடு 2000 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்புரிமை பெற்றது.

இவ்விரு தீவுகளும் எத்தொழினுட்பம் வெல்லும் என ஊகித்தனவல்ல. பெயரைப் பதிந்தவர் விற்று ஊதியம் பெறினும், விற்க மாட்டாது நட்டப்படினும், தவணைக் கட்டணம் பதிவுநிலையத்தை அடைந்தே தீரும். சந்தையிற் பண்டம் விலைபோகாவிடினும் ஆயத்துறையில் ஆயம் குறைவதில்லை. ஊகிப்போர் பலருள் வெல்வோர் சிலரே. ஊகிப்போர் உள்ளவரை வருவாய் பெறுவது ஆயத்துறை. எனினும் ஆயத்துறைக்கும் ஓர் அச்சம் உண்டு. ஆசை அடங்குங் காலத்திற் பெயர்கள் புதுப்பிக்கப்படாது கைவிடப்படும். அப்பொழுது வருவாயும் வற்றும். தொழினுட்பத்தின் பெயரால் வரும் பணத்தை நிலையான வருவாயாக எண்ணாது, நிலைத்த நன்மைகளாக மாற்றிக் கொள்ளும் அரசே அறிவுடைய அரசாகும்.

இவ்வூக வாணிகம் நியாயமானதோ என்னும் வினாவும் எழுகின்றது. இதனை ஆதரிப்போர், நட்டத்துக்கு அஞ்சாது முன்னறிந்து முதலிட்டவர்க்குப் பயனும் உரியது என்பர். காணியை முன்கூட்டி வாங்கி விலையேறிய பின் விற்பதனோடு இதனை ஒப்பிடுவர். அவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். ஒரு சொல்லுக்குப் பொருளும் வழக்கும் தந்தவர் அம்மொழியைப் பேசும் மக்கள். ஒரு துறைக்கு மதிப்பு ஈட்டித் தந்தவர் அதில் உழைத்த அறிஞரும் தொழிலாளரும். இருசாராருமல்லாத ஒருவர் அவ்வாயிலிற் காவல் நின்று காசு கேட்கும்பொழுது, சிறு முதலோடு தொழில் தொடங்கும் இளைஞரே பெரிதும் இடருறுகின்றனர். பெரு நிறுவனத்துக்கு ஒரு மில்லியன் டொலர் விளம்பரச் செலவாகும். இளைஞருக்கோ ஆயிரம் டொலரும் தடையாகும்.

ஆயினும் அவர்கள் தளரவேண்டுவதில்லை. இணைய வரலாற்றை நோக்கின், நிலைபெற்ற பெயர்களுட் பல காரணப் பெயர்கள் அல்ல. நூல் விற்கத் தொடங்கிய நிறுவனம் ஓர் ஆற்றின் பெயரால் ‘அமேசன்’ எனப்பட்டது. ஒரு பேரெண்ணின் பெயரைத் திரித்து அமைத்த ‘கூகிள்’ 1997 இற் பதியப்பட்ட நாளில் எவரும் விலை மதியாத சொல். மாறாக, வளர்ப்புப் பிராணிகளைக் குறிக்கும் ‘பெற்ஸ்’ என்னும் தெளிந்த காரணப் பெயரோடு தொடங்கிய அமெரிக்க நிறுவனம் 2000 ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. காரணப் பெயரை விலைக்கு வாங்கலாம். அப்பெயர் குறிக்கும் தொழிலை வாங்குதல் இயலாது. பொருளற்ற இடுகுறியும் நல்லுழைப்பாற் பொருள் பெறும். பொருள் பொதிந்த சொல்லும் உழைப்பின்றேல் வெறும் ஒலியாகும். ஆகவே, வருங்காலத் தொழினுட்பத்தின் பெயரை முந்திப் பிடித்தலினும், அத்தொழினுட்பத்தை முந்திக் கற்றலே மாணவர்க்கு ஆக்கந் தருவது.