வெளியளவு மாறாத மறுவடிவம்: கூம்புருளைத் தாங்கியின் உள்ளமைப்பு

சுழலும் தண்டுக்கும் அதைச் சுமக்கும் அசையாத உறைக்கும் இடையில் அமர்ந்து உராய்வைக் குறைக்கும் உறுப்பே தாங்கி. பட்டறைகளில் அதற்கு பேரிங் என்று பெயர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலைக்காக இதை மறுவடிவமைக்கும் பொறியாளருக்கு வெளியளவுகளில் ஏறத்தாழ எந்த உரிமையும் கிடையாது. உள்துளையின் விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றையும் தண்டும் உறையும் முன்பே முடிவுசெய்துவிட்டன. மெட்ரிக் அளவுக் கூம்புருளைத் தாங்கிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 355 என்ற பன்னாட்டுத் தரநிலையும் இவ்வளவுகளை வரையறுத்து வைத்திருக்கிறது. ஆகவே கூடுதல் ஆயுள் வேண்டுமானாலும் குறைந்த உராய்வு வேண்டுமானாலும், அந்த மூன்று அளவுகளுக்குள் அடைபட்ட வளைய வடிவ வெளியை எவ்வாறு பங்கிடுவது என்பதிலேயே அவருடைய வேலை முழுவதும் அடங்குகிறது.

அந்த வெளியைப் பங்கிட்டுக்கொள்ளும் உறுப்புகள் நான்கு. தண்டின்மீது இறுகி அமரும் உள்வளையத்தைப் பட்டறைக்காரர்கள் கோன் என்பார்கள். உறைக்குள் அமரும் வெளிவளையம் கப் எனப்படும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் உள்ள உருளைகள் வரிசையாக நிற்கும். அவற்றை ஒன்றோடொன்று உரசவிடாமல் சம இடைவெளியில் பிடித்து வைப்பது கூண்டு. உருளைகள் உருளும் வளையப் பரப்புகளுக்கு ஓடுபாதை என்று பெயர். உள்வளையத்தின் பெரிய முனையில் ஒரு சிறிய சுவர் எழும்பி நிற்கிறது. தடுப்பு விளிம்பு எனத்தக்க இந்தச் சுவர் பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், மறுவடிவமைப்பின் கடினமான கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே எழுகின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் கட்டிவந்த ஹென்றி டிம்கனும் அவருடைய உறவினர் ரெஜினால்ட் ஹைன்சல்மனும் 1898-இல் கூம்புருளைத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றனர். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது அச்சின்மீது மேலிருந்து விழும் சுமையோடு பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்துகொள்கிறது. நேர் உருளைகள் முதல் சுமையை நன்றாகத் தாங்கினாலும் இரண்டாவதற்கு ஈடுகொடுப்பதில்லை. உருளையையும் ஓடுபாதையையும் சாய்த்துவிட்டால் இரண்டையும் ஒரே உறுப்பு ஏற்றுக்கொள்ளும். 1930-இல் அச்சுகள் அனைத்திலும் உருளைத் தாங்கிகள் பொருத்தப்பட்டு ஓடிய 1111 எண்ணுள்ள நீராவி எஞ்சின், இந்த எண்ணம் வண்டிச் சக்கரத்திலிருந்து ரயில் வரைக்கும் வந்து சேர்ந்ததை அந்நாட்டு ரயில் நிறுவனங்களுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. பெரம்பூரில் இன்று தயாராகும் எல்.எச்.பி. வகை ரயில் பெட்டிகளின் அச்சு முனைகளில் இருப்பவையும் கூம்புருளைத் தாங்கிகளே.

சாய்வு மட்டும் போதாது. அது கணக்கோடு அமைந்த சாய்வாக இருக்க வேண்டும். சுழலும் வளையத்தில் அச்சிலிருந்து தள்ளியிருக்கும் புள்ளி வேகமாகவும் நெருங்கியிருக்கும் புள்ளி மெதுவாகவும் நகர்வதால், உருளையின் பருத்த முனை நீண்ட தொலைவையும் சிறுத்த முனை குறுகிய தொலைவையும் ஒரே நேரத்தில் கடந்தாக வேண்டும். உருளையின் விட்டத்துக்கும் ஓடுபாதையின் விட்டத்துக்கும் உள்ள விகிதம் நீளம் முழுவதும் ஒன்றாக இருந்தால்தான் எந்த இடத்திலும் சறுக்கல் இன்றி உருளை தூய்மையாக உருளும். உருளைகள், உள் ஓடுபாதை, வெளி ஓடுபாதை ஆகிய எல்லாக் கூம்புகளையும் நீட்டி வரைந்தால் அவற்றின் உச்சிகள் தண்டின் அச்சில் ஒரே புள்ளியில் சந்திக்கும்போது இந்த நிபந்தனை நிறைவேறுகிறது. மறுவடிவமைப்பில் எதைத் தொட்டாலும் இந்த உச்சிப்புள்ளியைக் கலைக்கக் கூடாது என்பது முதல் கட்டுப்பாடு.

எஃகுத் தகடு உருட்டும் ஆலைகளில் உருட்டுத் தண்டின் கழுத்தைத் தாங்கும் நான்கு வரிசைக் கூம்புருளைத் தாங்கியை எடுத்துக்கொண்டால், அங்கே வேண்டப்படுவது சுமை தாங்கும் திறன். தாங்கியின் ஆயுள், ஒரே வகைத் தாங்கிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பழுதின்றிக் கடக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையாகக் கொள்ளப்படுகிறது. உருளைத் தாங்கிகளில் இது திறனுக்கும் சுமைக்கும் உள்ள விகிதத்தின் மூன்றேகாலுக்குச் சற்று மேலான அடுக்கில், துல்லியமாகச் சொன்னால் 10/3 அடுக்கில், மாறுகிறது. சுமை இரட்டித்தால் ஆயுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும் என்பது இதன் பொருள். லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இருவர் 1947-இல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து வளர்ந்து ஐ.எஸ்.ஓ. 281 தரநிலையில் இடம்பெற்றுள்ள சூத்திரப்படி, மற்றவை மாறாதிருக்க உருளைகளின் எண்ணிக்கையை 20-இலிருந்து 22 ஆக்கினால் ஆயுள் சுமார் 27 விழுக்காடு கூடும். உருளையின் நீளத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் சுமார் 28 விழுக்காடு கூடும். உருளையின் விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினாலோ 40 விழுக்காடு வரை கூட வேண்டும். ஆனால் உருளைகள் பருத்தால் அதே வட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை குறைந்தாக வேண்டும்; அந்தக் குறைவையும் கணக்கில் சேர்த்தால் ஆதாயம் பத்து, பதினொரு விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது, அதற்குள் வளையங்களும் மெலிந்துபோயிருக்கும். நீளத்தைக் கூட்டுவதும் இலவசமன்று; கூடுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் தடுப்பு விளிம்பின் கனத்திலிருந்தோ கூண்டின் ஓர வளையத்திலிருந்தோ பிடுங்கப்பட்டதாகவே இருக்கும்.

எஞ்சியிருப்பது உருளைகளுக்கு நடுவே கூண்டின் கம்பிகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடம். இதை மீட்பதற்காகப் பெரிய தாங்கிகளில் ஒவ்வோர் உருளையின் நடுவிலும் நீளவாக்கில் துளையிட்டு, அதனூடே ஓர் ஊசிக்கம்பியைச் செலுத்தி, கம்பிகளின் இரு முனைகளையும் இரண்டு வளையங்களில் பிணைக்கிறார்கள். கூண்டு உருளைகளுக்கு உள்ளேயே புகுந்துவிடுவதால், உருளைகள் ஒன்றையொன்று ஏறத்தாழத் தொடும் அளவுக்கு நெருங்கி நிற்க முடிகிறது. எளிமையும் துணிவும் கலந்த தீர்வு இது. உருளையின் வயிற்றையே துளைத்துச் சுமை தாங்கும் திறனைக் கூட்டலாம் என்று முதலில் நினைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

சுமை உருளையின் நீளத்தில் எவ்வாறு பரவுகிறது என்பது அடுத்த கேள்வி. பக்கங்கள் முற்றிலும் நேராக இருக்கும் உருளையை அழுத்தினால், தொடுகை முடியும் இரு ஓரங்களிலும் அழுத்தம் கூர்மையாக எகிறுகிறது. தண்டு சிறிதளவு வளைந்தாலும் ஓர் ஓரமே ஏறத்தாழ முழுச் சுமையையும் வாங்கி, அங்கிருந்து உலோகம் செதிலாகப் பெயரத் தொடங்கும். இதைத் தவிர்க்க உருளையின் பக்கக்கோடு மையத்தில் நேராகவும் ஓரங்களை நெருங்க நெருங்க மடக்கைச் சார்பின்படி உள்வாங்கியும் இருக்குமாறு தேய்க்கப்படுகிறது. லுண்ட்பெர்க் 1939-இலேயே கணக்கிட்டுச் சொன்ன இந்த வடிவத்தில் ஓரத்தின் சரிவு மைக்ரோமீட்டர்களில் அளக்கப்படுவதாகையால், அதை நம்பிக்கையோடு சாணை பிடிக்கவும் அளந்து சரிபார்க்கவும் வல்ல எந்திரங்கள் வரும்வரை அது பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது.

இனித் தடுப்பு விளிம்பு. வெளி ஓடுபாதையின் சாய்வு உள் ஓடுபாதையின் சாய்வைவிட அதிகமாதலால், உருளையை இருபுறமும் அழுத்தும் விசைகள் ஒரே கோட்டில் அமைவதில்லை. இரு விரல்களுக்கிடையில் அழுத்திய ஈரப் பலாக்கொட்டை வழுக்கி ஓடுவதுபோல, உருளையும் தன் பருத்த முனையின் பக்கமாக நழுவப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது இந்த விளிம்பு. விளிம்பின்மீது விழும் விசை முழுச் சுமையில் சில விழுக்காடுதான் என்றாலும், தாங்கியின் பிற இடங்களில் உருளல் நடக்க இங்கே மட்டும் சறுக்கல் நடக்கிறது. எண்ணெய்ப் படலம் கிழிந்தால் முதலில் சூடேறிக் கீறல் விழுவதும் இங்கேதான். உருளையின் முனையைக் கோளத்தின் ஒரு சிறு துண்டுபோல் வளைத்து, அந்தக் கோளத்தின் ஆரத்தை உச்சிப்புள்ளியிலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவைவிடச் சற்றுக் குறைவாக வைக்கிறார்கள். இரண்டையும் சமமாக்கினால் தொடுகை விளிம்பின் ஓரம்வரை பரவி எண்ணெய் நுழைய வாயில் இல்லாமல் போகும். ஆரத்தை மிகவும் குறைத்தால் தொடுகை ஒரு புள்ளியாகச் சுருங்கி அழுத்தம் ஏறும், உருளையும் தன் பாதையிலிருந்து கோணிக்கொள்ள இடமேற்படும். விவரப்பட்டியலில் அச்சிடப்படும் சுமைத் திறன் என்ற எண்ணில் இந்த நுட்பம் எதுவும் தெரிவதில்லை. இரண்டு தாங்கிகளின் எண்கள் ஒன்றாகவே இருக்க, ஒன்று குளிர்ந்தும் மற்றொன்று கொதித்தும் ஓடுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுமார் ஒரு விழுக்காடு கரியும் ஒன்றரை விழுக்காடு குரோமியமும் கொண்டு முழுக் கனமும் கடினப்படும் எஃகு ஒரு வகை; கரி குறைந்த எஃகின் மேற்பரப்பில் மட்டும் கரியேற்றி, மேலே கடினமும் உள்ளே வளைந்து கொடுக்கும் உறுதியும் பெறச் செய்வது மற்றொரு வகை. அதிர்ச்சியும் தண்டு வளைவும் மிகுந்த ஆலைகளில் இரண்டாவது வகை விரும்பப்படுகிறது.

எல்லா மறுவடிவமும் கூடுதல் திறனை நோக்கியதன்று. மோட்டார் வாகனத்தின் பின்னச்சுப் பற்சக்கரத் தண்டைத் தாங்கும் கூம்புருளைத் தாங்கிகளில் எரிபொருள் சிக்கனம் முதன்மையாகிறது. மெதுவாக ஓடும்போது உராய்வின் பெரும்பங்கு தடுப்பு விளிம்பிலும், வேகமாக ஓடும்போது ஓடுபாதையின் எண்ணெய்ப் படலத்தை நசுக்குவதிலும் தேங்கிய எண்ணெயைக் கடைவதிலும் செலவாகிறது. ஆகவே இங்கே உருளைகளைக் குறைத்தும் குறுக்கியும், எண்ணெய் அளவுக்கு மேல் உள்ளே புகாதபடி கூண்டை அமைத்தும், இழந்த ஆயுளைத் தூய எஃகாலும் பளபளப்பான பரப்பாலும் ஈடுகட்டுகிறார்கள். ஆலைத் தாங்கியில் சேர்த்ததையெல்லாம் இங்கே கழிக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

எந்தத் திசையில் மாற்றியமைத்தாலும் பொருத்தும் முறையில் ஒன்று மாறுவதில்லை. புதிதாகப் பொருத்திய தாங்கியில் உருளைகள் தடுப்பு விளிம்பில் இன்னும் போய்ச் சேர்ந்திருப்பதில்லை. தண்டைச் சுழற்றாமல் இடைவெளியை அளந்தால் சரியாக இருப்பதாகத் தோன்றி, ஓடத் தொடங்கியதும் உருளைகள் நகர்ந்து அமர்ந்து தாங்கி தளர்ந்துவிடும். லாரிச் சக்கரத்தின் நடுவில் நட்டை இறுக்கும் மெக்கானிக் ஒரு கையால் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டே மறுகையால் சக்கரத்தைச் சுற்றிவிடுவது, ஒவ்வோர் உருளையையும் அதன் விளிம்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதற்காகவே.