எடைக்கும் உண்டு ஹார்மோன் கணக்கு
கொழுப்பு கூடினாலும் குறைந்தாலும் பெண்களின் மாதவிடாய் தடுமாறுகிறது

இந்தியப் பெண்களின் எடைப் பிரச்னைக்கு இரண்டு முகங்கள். 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். கிட்டத்தட்ட 19 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடைகூட இல்லாதவர்கள். இரு தரப்பினருக்கும் வரக்கூடிய தொல்லை ஒன்றுதான்: ஒழுங்கற்ற மாதவிடாய்.

கொழுப்பு என்பது உபரி சக்தியைச் சேர்த்து வைக்கும் குதிர் மட்டுமே என்று வெகுகாலம் கருதப்பட்டது. உண்மையில் அது ஒரு சுரப்பியும்கூட. 1994ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்கள் சுரக்கும் இந்த ஹார்மோன்தான், உடலின் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது.

சேமிப்பு கரைந்தால் லெப்டினும் குறைகிறது. கர்ப்பத்தைத் தாங்கும் நேரமல்ல இது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் உத்தரவுகள் குறைய, சினைப்பை ஓய்கிறது, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. பட்டினி டயட் இருப்பவர்களுக்கும் நெடுந்தூர ஓட்டக்காரிகளுக்கும் மாதவிடாய் நின்றுபோவது இதனால்தான். எலும்பும் பலமிழக்கிறது.

பருமனானவர்களிடம் விளையாடுவது இன்சுலின். வயிற்றில் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. ஈடுகட்ட கணையம் அதை அதிகம் சுரக்கிறது. இந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்களைப் பெருக்குகிறது. விளைவு: முகத்தில் ரோமம், பரு, முட்டை வெளிவராத மாதங்கள். 1935ல் சிகாகோ டாக்டர்கள் ஸ்டெயினும் லெவெந்தாலும் விவரித்த, இன்று பிசிஓஎஸ் என்று வழங்கும் கோளாறு இது. ஒல்லியான பெண்களுக்கும் இது வரும். எடை கூடினால் தீவிரமாகும்.

மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகும் கணக்கு முடிவதில்லை. கொழுப்பில் உள்ள அரோமடேஸ் என்ற என்சைம் ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த வயதில் பருமனான பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் வரும் அபாயம் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

குழந்தை இல்லையென்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல செய்தியும் உண்டு. பருமனோடு பிசிஓஎஸ்ஸும் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே, பலருக்கு முட்டை வெளிவருவது சீராகிறது. அதாவது, 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தால் போதும். எடை குறைந்து மாதவிடாய் நின்றவர்களுக்கோ, முதல் மருந்து வயிறாரச் சாப்பாடு.

ஆனால் எல்லாப் பழியையும் எடைமீது போட்டுவிடக் கூடாது. தைராய்டு கோளாறும் மாதவிடாயைக் குலைக்கும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பத்தே நாளில் இளைக்க வைப்பதாகச் சொல்லும் டயட்டுகளை நம்பினால், ஒரு கோளாறிலிருந்து தப்பி இன்னொன்றில் விழ வேண்டியிருக்கும்.