பச்சைப் பொத்தானின் யுக்தி

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலின் சுற்றுப்புறத் தோட்டங்களில், ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடத் தொடங்குவதையும், விரலை எடுத்த பின்னும் நில்லாமல் ஓடுவதையும் நாள்தோறும் காண்கிற சம்சாரிகளுக்கு, அதிலுள்ள சூட்சுமம் அதிசயமாகத் தோன்றுவதில்லை. பொத்தான் வழியே பாய்ந்த மின்சாரம் காயிலைக் காந்தமாக்க, அக்காந்தம் மோட்டாருக்குரிய காண்டாக்டுகளை இழுத்து மூடுவதோடு, பொத்தானை ஒட்டிய சிறு காண்டாக்ட் ஒன்றையும் மூடிவிடுகிறது. பிறகு அந்தப் பக்கவழியாகவே காயில் உயிர்பெறுவதால் விரலுக்கு அங்கே வேலையில்லை. கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்ப வந்தாலும் ஒருவர் அழுத்தும் வரை மோட்டார் அசையாது.

மைக்ரோகண்ட்ரோலர் வைத்துக் கைக்கருவி செய்வோர் கையாளுவதும் இதே யுக்திதான். மண்ணின் ஈரம் அளக்கும் கருவியொன்று சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறதென்று கொள்வோம். அணைக்க மறப்பது மனித சுபாவம். சிப்பை உறங்க வைத்தால் போதாதா என்றால், போதாது. சிப் உறக்கத்தில் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே உண்டாலும், அதற்கு முன்னால் நிற்கும் 7805 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்பதால், நாலைந்து நாளில் பேட்டரி காலியாகிவிடும்.

ஆகவே ரெகுலேட்டருக்கும் முன்னால், பேட்டரியின் வாயிலிலேயே பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றை வைக்கிறார்கள். அதன் கேட் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பாசிட்டிவோடு கட்டப்பட்டிருப்பதால் இயல்பில் வழி அடைத்தே கிடக்கும். பொத்தான் அந்தக் கேட்டைத் தரைக்கு இழுத்ததும் வழி திறக்க, விழித்த சிப் ஒரு பின்னை உயர்த்தி, பிசி547 டிரான்சிஸ்டர் வாயிலாக அதே கேட்டைத் தானும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. திரையில் எழுத்துக் காட்டுவதெல்லாம் அப்புறம். புரோகிராமின் தொடக்க வரிகளிலேயே இது வந்துவிட வேண்டும், இல்லையேல் விரல் விலகியதும் கருவி செத்துவிடும். இரண்டு நிமிஷம் யாரும் தொடாவிட்டால் சிப் தன் பிடியைத் தானே தளர்த்துகிறது. பிறகு மாஸ்ஃபெட்டில் கசியும் அற்ப மின்சாரமே செலவு.

ஆனால் புரோகிராம் நடுவில் முடங்கினால் பிடியை விடுவது யார்? அதற்கென்றே சிப்புக்குள் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் உண்டு. அது சிப்பை மறுபடி துவக்கும். அவ்வாறு எழுந்த சிப், தன்னை எழுப்பியது பொத்தானா காவல் கடிகாரமா என்று முதலில் பார்த்து, பின்னதாயின் கேட்டைப் பிடிக்காமலே விட்டுவிடும்படி எழுதிவைப்பதே, என் அபிப்பிராயத்தில், இவ்வேலையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி.